டிராம் குரல்

நவம்பரில் ஒரு காலை
நிறுத்தங்களின் பெயர் சொல்லும் பெட்டி ஊமையாகிவிட்டது.
ரீகாவிலிருந்து உதிரிபாகம் வரும்வரை
நீயே சொல் வெல்கா, என்றார்கள் பணிமனையில்.

லியபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்தான்.
வழி தவற முடியாது.
கடற்காற்று பக்கவாட்டில் வந்து அறையும்.
ஒலிவாங்கியை உதட்டருகே இழுத்து
அடுத்த நிறுத்தம் சந்தை என்பேன்.
கைத்தடிக்காரர் இறங்கி முடிப்பதற்குள்
விளக்கு இரண்டு முறை பச்சையாகி அணைந்தாலும்
பரவாயில்லை, மெதுவாக என்பேன்.

வீட்டில் எனக்கு வேறொரு குரல்.

காலை ஆறே காலுக்கு அது விழித்துக்கொள்ளும்.
பனியுடுப்பின் ஒற்றைக் காலுக்குள்
தன் இரண்டு கால்களையும் நுழைத்துக்கொண்டு
ஊனா தரையில் மீனாய்த் துள்ளும்போது.
கேஃபிர் கிண்ணத்தில் தாலிஸ்
கறுப்பு ரொட்டித் துண்டுகளைக் கப்பலாய் விட்டு
ஒவ்வொன்றாய் மூழ்கடிக்கும்போது.
கையுறை இருக்கும், அதன் ஜோடி இருக்காது.
ஜோடி கிடைக்கையில் கை இருக்காது,
கட்டிலுக்கடியில் பூனையைத் துழாவிக்கொண்டிருக்கும்.
அந்தக் குரல் படியெல்லாம் இறங்கிப் போய்
இரண்டாம் மாடி ஓஸோலா அம்மாள்
கதவைத் திறந்து மூடுவது எனக்கே கேட்கும்.

ஆர்விஸுக்குத் துறைமுகத்தில் இரவுப்பணி.
நாங்கள் இறங்கும் படிகளில் அவன் ஏறி வருவான்.
ஒரு முத்தம், ஒரு சாவி,
பால் தீர்ந்துவிட்டது என்று ஒரு வாக்கியம்.
ஒருநாள் முத்தத்தை மறந்து
வாக்கியத்தை இரண்டு முறை சொன்னேன்.

பிப்ரவரியில் மழலைப் பள்ளியின் வெந்நீர்க் குழாய் வெடித்தது.
ஊனாவை ஓஸோலா அம்மாள் வாங்கிக்கொண்டார்.
தாலிஸை எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் அமர்த்தி
ஏழு சுற்று ஓட்டினேன்.
ஆப்பிளை விதையோடு தின்றான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அன்றிரவு பீட்ரூட் சூப் கவிழ்ந்தது.
யார் கவிழ்த்தது, இன்னும் தீர்ப்பாகவில்லை.
ஊனாவின் முடி, என் சட்டை,
பூனையின் ஒரு காது, எல்லாம் இளஞ்சிவப்பு.
நான் வாய் திறந்தேன்.
தாலிஸ் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.
கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
"அம்மா, அவங்ககிட்ட பேசற மாதிரி பேசேன்."

அவங்ககிட்ட.
டிக்கெட் வாங்கியவர்களிடம்.

கரண்டியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ.
மேசை விளிம்பிலிருந்து சூப் சொட்டிக்கொண்டிருந்தது.
பேர் தெரியாத நூறு பேருக்கு
நாளெல்லாம் அள்ளி ஊற்றிவிட்டு
அடிவண்டலை அல்லவா வீட்டுக்கு ஏந்தி வந்திருக்கிறேன்,
அதையும் கொதிக்கக் கொதிக்க.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
"அடுத்த நிறுத்தம்" என்றேன், "குளியலறை."
குரல் பிசிறியது.
"சூப்பில் நனைந்தவர்கள் முதலில் ஏறவும்."
ஊனா ஏறினாள், என் இடுப்பில்.

அதோடு திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
செவ்வாயன்றே கத்தினேன், ஒற்றைக் காலணிக்காக.
புதன் கத்தவில்லை. வியாழன் நினைவில்லை.
கத்தி முடித்தபின் இப்போதெல்லாம் குந்தி உட்கார்ந்து
அவன் கண் மட்டத்துக்கு வந்து
தடம் மாறிப் போய்விட்டேன், மன்னித்துக்கொள் என்கிறேன்.
"ஒரே தடம்தானே அம்மா, எப்படி மாறும்?" என்கிறான்.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவனும் காத்திருப்பதில்லை,
பூனை எங்கோ எதையோ தள்ளிவிட்டிருக்கிறது.

மார்ச்சில் உதிரிபாகம் வந்தது.
எவளோ ஒருத்தி பிசிறே இல்லாமல் சொல்கிறாள்:
சந்தை. தேவாலயம். இரும்பாலை. கல்லறைத் தோட்டம்.
கைத்தடிக்காரர் இறங்குமுன் கண்ணாடியைத் தட்டி
உன் குரலுக்கு என்ன ஆயிற்று, என்று கேட்டார்.
வீட்டில் இருக்கிறது என்றேன்.

பெரும்பாலும், என்று சேர்த்துக்கொண்டேன்,
கதவு மூடிய பிறகு.